ஹூஸ்டனில், பெயர் தெரியாத ஸ்பானியர் முன்னால் பெண் பார்த்தோம்

போனவர்கள் நான்கு பேர்: நான், என் வீட்டுக்காரர், அவர் தம்பி சுந்தர், எங்கள் ஒன்பது வயது மகள் நிவேதா. அங்கே வந்தவர்கள் மூன்று பேர்: பெண், அவளுடைய அம்மா, அப்பா. பெண்ணின் பெயரை இங்கே போடவில்லை, அதுதான் முறை.

2000 ஜூனில் ஒரு சனிக்கிழமை. சுந்தர் இதற்கு முன் மூன்று வீடுகளில் கேசரித் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டு வந்தவர். பையன் பேசவே மாட்டேன் என்கிறார் என்று மூன்று இடத்திலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். "இதுதான் கடைசிங்க அண்ணி. இதுவும் ஆகலைன்னா என்னை விட்ருங்க" என்று சொல்லித்தான் காரில் ஏறினார். வீட்டில் வேண்டாம், மியூசியத்தில் பார்க்கலாம் என்றது பெண்தான்.

டல்லாஸ் பக்கத்தில் எங்கள் ஊர் பிளானோவில் காலை 5.10க்குக் கிளம்பி, 45ஆம் ஃப்ரீவேயில் தெற்கே 272 மைல். ஹூஸ்டன் கோயிலுக்கு 9.50க்குச் சேர்ந்தோம். காருக்கு பெட்ரோல் 17 டாலர் 40 சென்ட், முருகன் சன்னதியில் சுந்தர் பெயருக்கு அர்ச்சனை 5 டாலர். கார் நிறுத்துமிடத்திலேயே புளிசாதம். 1.30க்கு மியூசியம். வெயில் 97 டிகிரி. சுந்தருக்குக் கறுப்புக் கோட்டு, இறுக்கிய டை. என் ஏற்பாடு. தப்புதான்.

ஸ்பெயின் அறையில் ஒரு கனவானின் படம். நானூறு வருஷத்துக்கு மேல் பழையது. கறுப்பு உடை, கழுத்தை நெரிக்கும் வெள்ளை மடிப்புக் காலர். யாரென்று தெரியவில்லை என்று பக்கத்து அட்டையில் போட்டிருந்தது. ஏழு பேரும் அதன் முன்னால் நின்றோம்.

"சித்தப்பா, ஹி லுக்ஸ் ஜஸ்ட் லைக் யூ!" என்றாள் நிவேதா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பெண் படத்தையும் சுந்தரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவர் யாரா இருக்கும்?"

"யாரோ பாவங்க. புடிச்சு நிக்க வெச்சிருக்காங்க. எப்ப விடுவாங்கன்னு பாத்துட்டு இருக்காரு" என்றார் சுந்தர்.

"உங்களை யாரு நிக்க வெச்சது?"

"அண்ணிங்க" என்று என்னைக் கை காட்டிவிட்டார்!

பெண் சிரித்த சிரிப்பில் காவலர் எட்டிப் பார்த்தார். "முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டுங்க" என்றாள் சுந்தரிடம். கழற்றினார். பிறகு இருவரும் அடுத்த அறைக்குப் போனார்கள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. சுந்தர் குரல்தான் அதிகம் கேட்டது. முருகனுக்கு அடுத்து அந்தப் பெயர் தெரியாத மனிதருக்குத்தான் நன்றி சொன்னேன்.

போகிறவர்களுக்கு: பெரிய பைகளை உள்ளே விடுவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பருத்தி உடுத்துங்கள்.

பெண்ணின் அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பதாகச் சொன்னார். அம்மா, எங்களுக்குப் பூரண சம்மதம். பன்னிரண்டு நாளாக சுந்தர் ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறார். உங்கள் பதிலைச் சீக்கிரம் சொல்லுங்கள்.