சத்தம் போச்சு, வேகம் போகல

1. ரெண்டும் வேணும்

புதுச்சேரி முதலியார்பேட்டையில எங்க ஷெட்டுக்கு ஜெரோம் வந்தப்ப, வண்டிக்கு முன்னாடி அதோட சத்தம் வந்துடுச்சு. பக்கத்து டீக்கடைக்காரர் என்னை முறைச்சார். சைலன்சர் வேலை பார்க்கிறவனுக்கு இது பழகிப்போச்சு. ஊர்ல எவன் வண்டி அலறினாலும் திட்டு எனக்குத்தான்.

ஜெரோமோட அப்பா பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். அதனால பையனை, பிரெஞ்சுக்காரங்க ஐயான்னு சொல்ற மாதிரி, முசியேன்னுதான் கூப்பிடுவேன். அவனோடது டர்போ கார். இன்ஜினை டியூன் பண்ணி, சைலன்சர் டப்பாவை அறுத்து எறிஞ்சிட்டு வெறும் பைப் போட்டிருந்தான்.

"அண்ணா, சத்தம் குறையணும். பவர் துளிகூட குறையக் கூடாது."

"ரெண்டுல ஒண்ணு கேளு முசியே. எனக்கு இடுப்பு வலி."

"வீட்ல ஸ்டெல்லாவுக்கு எட்டாவது மாசம்ணா. சத்தம் குறையலன்னா வண்டியை வித்துடணும்னு சொல்லிட்டா. பிரசவத்துக்கு ஆட்டோவுல போறேன், இதுல ஏறமாட்டேன்றா."

2. அடைக்காம அடக்குறது

ஏற்கெனவே வேற மெக்கானிக் ஒருத்தர் பைப் வாயில சின்ன ஓட்டை போட்ட மூடியை வச்சு அனுப்பியிருந்தார். சத்தம் குறைஞ்சுது, வண்டியும் மூச்சு வாங்குச்சு, ஜெரோம் அதைப் பிடுங்கிப் போட்டுட்டான். புகை போற வழியைக் குறுக்கினா பவர் போயிடும். நான் வேற மாதிரி செஞ்சேன். அதே அளவு பைப்பை நேரா விட்டு, அதைச் சுத்தியும் பொடி ஓட்டைங்க, வெளிய பெரிய டப்பா, இடையில கிளாஸ் வூல்ங்கிற கண்ணாடிப் பஞ்சு. புகை தடையில்லாம போயிடும், சத்தம் பஞ்சுல மாட்டிக்கும். மிச்ச ரீங்காரத்தை முழுங்க நடுவுல ரெசனேட்டர்னு இன்னொரு சின்ன டப்பா.

சொல்றதுக்குச் சுலபம். வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து அதை உட்கார வைக்கிறவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். கிளாஸ் வூல் அரிப்பு குளிச்சாலும் போகாது. வெல்டிங் முடிச்சு எழுந்தப்ப, இந்தத் தொழிலுக்கு வந்த நேரத்தை நானே திட்டிக்கிட்டேன்.

3. கடலூர் ரோடு

டெஸ்ட் டிரைவுக்கு ஸ்டெல்லாவே வந்துட்டா. "இவரு பேச்சை நம்ப முடியாதுண்ணா. நானே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று முன் சீட்டுல ஏறினா. நான் பின்னாடி.

கொஞ்ச தூரத்துலயே அவ சிரிச்சா. "ஏசி சத்தம் இப்பதான் கேக்குது." எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. ஜெரோம் முகம் மட்டும் தொங்கிடுச்சு.

"இழுக்கவே இல்லணா. பவர் போச்சு" என்று இன்னும் மிதிச்சான்.

நான் எட்டி மீட்டரைப் பார்த்தேன். முள்ளு எங்கேயோ ஏறியிருந்துச்சு. அவன் இத்தனை நாளும் காதால ஓட்டியிருக்கான். இந்த அளவு சத்தம்னா இந்த வேகம்னு ஒரு கணக்கு. இப்ப பழைய சத்தம் வர்ற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே போறான், அது வரவே போறதில்ல.

"முசியே, மீட்டரைப் பாரு" என்று நான் சொல்றதுக்குள்ள, மீன் கூடையோட ஒரு அம்மா ரோட்டுல கால் வச்சுட்டாங்க. பிரேக் அடிச்சான். டயர் கிரீச்சிட, வண்டி அவங்க முழங்காலுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு.

அந்தம்மா பானட் மேல ஒரு தட்டு தட்டினாங்க. "கண்ணு பொடனியிலயா இருக்கு? வர்ற சத்தமே கேக்கலையேடா பாவி."

ஸ்டெல்லா ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சிருந்தா. வலி ஏதும் இல்லன்னு தலையாட்டினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

"அண்ணா, பழைய சத்தத்தையே வச்சுடுங்க" என்றா. "வீட்ல இருந்தாலும் இவரு எவ்ளோ வேகத்துல வராருன்னு எனக்குக் கேக்கும்."

ஜெரோம் இன்ஜினை ஆஃப் பண்ணினான். பவரைப் பத்தி அப்புறம் பேசவே இல்ல.

"எறங்குங்க. நான் ஓட்டுறேன்." சீட்டைப் பின்னாடி தள்ளிட்டு ஷெட் வரைக்கும் ஸ்டெல்லாதான் ஓட்டினா. வண்டியை விக்கல. அவ கேட்ட பழைய சத்தத்தையும் நான் திரும்ப வைக்கல; அவன் மீட்டரைப் பார்க்கப் பழகினா போதும்னேன்.

இப்ப எந்த வண்டிக்குச் சத்தம் குறைச்சாலும் ஒரு வேலை சேர்த்துச் செய்றேன். ஓனரைப் பக்கத்து சீட்டுல வச்சு நான் ஓட்டுவேன். கண்ணை மூடிக்கிட்டு வேகம் எவ்ளோன்னு சொல்லச் சொல்வேன். அப்புறம் கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்க்கச் சொல்வேன். இதுவரைக்கும் எல்லாரும் குறைச்சுத்தான் சொல்லியிருக்காங்க.