ஆறாவது பெஞ்சுக்குப் பட்டை இல்லை

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கும் நாலாம் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. இரண்டு இரும்பு பீரோக்கள்தான். நாலாம் வகுப்புப் பக்கம் அவள், மூன்றாம் வகுப்புப் பக்கம் நான். பதினோரு வருஷமாக அவள் நடத்தும் பாடமெல்லாம் எனக்கு ஓசியில் கேட்கிறது. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கட்டம் டீச்சர். கையில் எப்போதும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று இருக்கும். அவள் கணவர் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் போனாலும் கட்டம், வீட்டுக்கு வந்தாலும் கட்டம் என்று என்னிடமே புலம்பியிருக்கிறார்.

மனுஷன் சும்மா புலம்பவில்லை. வீட்டில் யார் எத்தனை நாள் பாத்திரம் கழுவினார்கள் என்று ஒரு மாதம் குறித்துவைத்து, அதைப் பட்டை வரைபடமாகப் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள் இவள். இவளுடைய பட்டை தாளின் உச்சியைத் தொட்டது. கணவருடையதும் மகனுடையதும் தரையோடு தரையாகக் கிடந்தன. மாமியார் அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் காலுக்கு அண்டக் கொடுத்துவிட்டார். மறுநாள் இதை என்னிடம் சொல்லிவிட்டு, "மேஜை ஆடலைல்ல, அதுவரைக்கும் லாபம்" என்று சிரித்தாள். எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பாடத்தை அவள் தாளில் ஆரம்பிக்க மாட்டாள். பிள்ளைகளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், பள்ளிக்கு நடந்து வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், பஸ்ஸில் வந்தவர்கள் என்று மூன்று வரிசையாக நிறுத்துவாள். இந்த வருஷம் பஸ்காரர்கள் ஆறே பேர். முதுகில் மூட்டை மாதிரி பையோடு கைகால் பரப்பி நின்றதில், எட்டுப் பேர் நின்ற சைக்கிள் வரிசையைவிட அவர்கள் வரிசை நீண்டுவிட்டது. "நாங்கதான் ஜாஸ்தி" என்று ஒரே கூத்து. "ஒரு ஆளுக்கு ஒரு டைல்" என்றாள் இவள். நகர்ந்து நகர்ந்து ஆளுக்கொரு டைலில் நின்றதும் பஸ் வரிசை சுருங்கிவிட்டது. ஆறு பேரின் முகமும் கூடவே சுருங்கியது.

அதற்குப் பிறகுதான் கட்ட நோட்டு. அடியில் ஜீரோ, எல்லாப் பட்டைக்கும் ஒரே அகலம், நடுவில் ஒரே இடைவெளி, தலைப்பு. ஒருவன் தன் தெருவின் பட்டையை மட்டும் இரண்டு மடங்கு அகலமாகப் போட்டுக்கொண்டு வந்தான். கேட்டால், "எங்க தெருவுல ஆள் நிறைய டீச்சர்" என்கிறான். "அப்போ உயரமாப் போடு, குண்டாப் போடாதே" என்று திருப்பி அனுப்பினாள். வரைந்த தாளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு படிக்கவும் வேண்டும். எது அதிகம், எது குறைவு, எத்தனை அதிகம். பிள்ளைகள் "நிறைய" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். "நிறையன்னா எத்தனை?" என்று அவள் விடாமல் கேட்பாள். எனக்கு வீட்டில் காய் நறுக்கும்போதுகூட அந்தக் குரல் காதில் விழும்.

அந்த வகுப்பில் ஆறு நீள பெஞ்சுகள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தனியாக உட்காருவாள். வாயே திறக்க மாட்டாள். பிள்ளைகள் அவளை மியூட் என்று கூப்பிடுவார்கள், டிவி ரிமோட்டில் உள்ள பட்டனை நினைத்து. எழுத்துத் தேர்வில் சுமாராக வாங்கிவிடுவாள். ஆனால் பாதி மார்க் வாய்மொழிக்கு. அதில் ஜீரோ போட்டதால் மொத்தத்தில் தேறவில்லை. மறுபடி நாலாம் வகுப்பிலேயே உட்காரவைப்பதற்கான படிவத்தைக் கட்டம் டீச்சர் எழுதி முடித்துவிட்டாள். "கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை" என்று காரணமும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அம்மா வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பெண்ணின் தம்பி என் வகுப்பில் இருக்கிறான். சரியான வாயாடி. அடுத்த வருஷம் அவனும் நாலாம் வகுப்புக்குப் போவான். அக்காவும் தம்பியும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். "அக்கா ஸ்கூலுக்கே வரமாட்டேங்குது டீச்சர், ராத்திரியெல்லாம் அழுவுது" என்று அவன்தான் என்னிடம் சொன்னான். நான் உச்சுக் கொட்டிவிட்டு அவனை வாய்ப்பாடு எழுதச் சொன்னேன்.

அந்த வாரம் கட்டம் டீச்சர் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். திங்கள் முதல் வியாழன்வரை உங்களுக்குப் பிடித்த எதையாவது எண்ணுங்கள், வெள்ளிக்கிழமை வரைபடமாகக் கொண்டு வாருங்கள். ஒருத்தி தெரு நாய்களை எண்ணினாள். ஒருவன் வீட்டில் யார் எத்தனை தடவை போனை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று எண்ணியதில், அவன் அப்பா புதன்கிழமையே பள்ளிக்கு வந்து சத்தம்போட்டார். "பொய்யா சார் எழுதியிருக்கான்?" என்று இவள் கேட்டாள். அவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் பீரோவுக்கு அந்தப் பக்கம் திடீரென்று சத்தமே இல்லை. இருபத்தேழு பிள்ளைகள் இருக்கும் அறையில் சத்தமில்லை என்றால் ஏதோ விபரீதம். எட்டிப் பார்த்தேன். அவள் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலைப்பில், "டீச்சர் கேட்ட கேள்விகள்: எந்த பெஞ்சுக்கு எத்தனை" என்று இருந்தது. ஒரு கட்டத்துக்கு இரண்டு கேள்வி. முதல் பெஞ்சுக்கு நாற்பத்தொன்று, இருபதரைக் கட்டம் பிசகாமல். அடுத்தது முப்பத்துமூன்று, அப்புறம் இருபத்திரண்டு, பதினாலு, ஆறு. படிக்கட்டு மாதிரி இறங்கியது. ஆறாவது பெஞ்சு என்று பெயர் எழுதியிருந்தது, மேலே ஒன்றுமில்லை.

"இங்க பட்டையைக் காணோமே, போட மறந்துட்டியா?" என்று கேட்டாள்.

கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து நின்றாள். "இல்ல டீச்சர். அது ஜீரோ."

"நாலு நாளும் நீ உட்கார்ந்து எண்ணுனியா?"

"ஆமா டீச்சர். எனக்குத்தான் வேற வேலை இல்லையே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மதியம் கட்டம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "எல்லாப் பிள்ளையையும் ஒரே மாதிரி பாக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கேக்காமலே ஜீரோ போட்டிருக்கேன்" என்றாள். அப்புறம், "அதுகிட்ட கேட்டு நேரத்தை வீணாக்காதேன்னு வருஷ ஆரம்பத்துல நீ சொன்னே. நானும் அப்படியே விட்டுட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "உன் தப்புக்கு என் தலையை உருட்டாதே" என்று எரிந்து விழுந்தேன். அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். சொன்னது நான்தான், இல்லையென்று எப்படிச் சொல்வேன்.

நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்தார்; பெண்ணும் நானும் பக்கத்தில் நின்றோம். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கையில் சூடுபட்ட தழும்புகள் இருந்தன. எங்கே கையெழுத்துப் போடணும் என்று பேனாவோடுதான் உட்கார்ந்தார். கட்டம் டீச்சர் படிவத்தை எடுக்காமல் வரைபடத்தை நீட்டினாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீயே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்மா" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். இது பெஞ்சு, இது எண்ணிக்கை, ஒரு கட்டம்னா ரெண்டு, இது நாப்பத்தொண்ணு. முதல் பெஞ்சுக்கு எங்க பெஞ்சைவிட எத்தனை அதிகம்னா, நாப்பத்தொண்ணும் அதிகம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கட்டம் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. படிவத்தை எடுத்துக் கிழித்தாள்.

"தப்பு என்னோடதுங்க. ஒரு கேள்விகூடக் கேக்காம மார்க் போட்டுட்டேன். இப்ப இவ படிச்சதுதான் வாய்மொழித் தேர்வு, பாஸ் ஆயிட்டா. ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. "போன வருஷம் மூணாவதுலயும் பேசமாட்டான்னுதானே மார்க் அட்டையில எழுதிக் கொடுத்தீங்க? அது யார் எழுதுனது?" என்று கேட்டார்.

கட்டம் டீச்சர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, தரையைப் பார்த்தாள். நான் பீரோவுக்குப் பின்னால் போயிருக்கலாம். போக வெட்கமாக இருந்தது.

"நான்தாங்க" என்றேன். "இவகிட்ட எத்தனை தடவை கேள்வி கேட்டேன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு தடவை. ரெண்டுக்கும் நான் பதில் சொன்னேன்."