கரண்டே இல்லாத பெட்டியும் ஒரு வெள்ளாடும்

ரேடியோ கடைக்காரனும் காது டாக்டரும் ஒரே ரகம். வருகிறவர்கள் எல்லாரும் "கேக்கல" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

கடை என்று ஒன்றைப் போட்டு மாட்டிக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எண்பதுகளில் கோலசிலாங்கூரில் என் வாப்பாவின் சாப்பாட்டுக் கடையை ஒட்டி ஒரு சின்ன ரூம் இருந்தது. அதுதான் என் ரேடியோ கடை. அந்தப் பக்கம் பரோட்டா மாதிரி வீசிப் போடுகிற ரொட்டி சானாய் பறக்கும், இந்தப் பக்கம் ஈ பறக்கும். டார்ச் லைட் பேட்டரி தவிர நான் வேறெதுவும் விற்றதாக ஞாபகம் இல்லை.

பாட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?

ஜெராம் பக்கத்து எஸ்டேட்டில் கோபால் கிராணி என்று ஒருவர். ஆபீஸில் கணக்கு எழுதுவது வேலை, வீட்டில் இசைத்தட்டு கேட்பது உயிர். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து அவர் பிளேயருக்கு 'மூவிங் காயில்' ஊசி ஒன்று வாங்கி வந்து கொடுத்துவிட்டார். சும்மா இருந்த மனுஷனுக்கு அன்றைக்குப் பிடித்தது சனி.

ஊசியை மாட்டி, வால்யூமைக் கடைசி வரை திருகியும் பாட்டு குசுகுசுவென்றுதான் வந்ததாம். காற்றாடியை நிறுத்தினார். பிள்ளைகளை வெளியே விரட்டினார். சம்சாரம் சரோஜா அக்காவை அம்மி அரைக்கக்கூட விடவில்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து ஒரு வாரம் கேட்டுவிட்டு, கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு என்னிடம் வந்தார். "சம்சாரம் சொல்றா, பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம் லா!"

நாலு மேசை

விஷயம் இதுதான். சாதாரண ஊசி சத்தமாகப் பேசும். இந்த ஊசி ரகசியம் பேசும், ஆனால் சுத்தமாகப் பேசும். அந்த ரகசியத்தை ஆம்ப்ளிஃபயருக்குக் கேட்கிற மாதிரி பெரிதாக்க நடுவில் ஒரு பெட்டி வேண்டும். கோலாலம்பூரில் மொத்த வியாபாரம் செய்த ஆ செங்கிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் விளக்கு, பிளக், பொத்தான், எல்லாம் உண்டு. இன்னொன்று கைக்கு அடக்கமான மொட்டை டப்பா. நான் எதை எடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? விளக்கு எரிகிறதைத்தான்.

பெட்டியைக் கடையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாப்பா எட்டிப் பார்த்தார். "இதுதான் உன் மொத வியாபாரம். நோம்புக்குள்ள இது திரும்பி வந்துச்சுன்னா, இந்த ரூம்ல நாலு மேசை போட்ருவேன், நீ சானாய் வீசுற கல்லுக்கிட்ட நில்லு!"

ஒரே பெட்டியில் இரண்டு

மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் பறந்தேன். மாட்டியவுடன் சத்தம் வந்தது. அம்மாடி, என்ன சத்தம்! பாட்டு அல்ல, 'ங்ங்ங்' என்று ஒரு ரீங்காரம். அதற்கு அடியில் எங்கேயோ பாட்டு. கிராணியார் தலையாட்டி, "சுருதி பாட்டோட சேரலியே தம்பி" என்றார். நான் ஒயர்களை இப்படியும் அப்படியும் திருப்பினேன். ரீங்காரம் கொஞ்சம் அடங்கியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், உருக்கமான சோகப் பாட்டின் நடுவில் ஒருவர் மலாயில் மழைச் செய்தி வாசிக்கிறார். பெட்டி ரேடியோ ஸ்டேஷனையும் சேர்த்துப் பிடித்துவிட்டது.

கிராணியார் முகம் தொங்கிப்போனது. எனக்கோ நாலு மேசையும் கண்ணில் வரிசையாகத் தெரிந்தன. சரோஜா அக்காவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "ரெண்டும் ஒரே பெட்டியிலயா? அப்ப அந்தப் பழைய ரேடியோவை என் தங்கச்சிக்குக் குடுத்துடலாங்க!"

மொட்டை டப்பா

பெட்டி கடைக்குத் திரும்பினால்தானே மேசை? நான் எஸ்டேட்டிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு வண்டியை விட்டேன். ஆ செங் சிரித்துக்கொண்டே மொட்டை டப்பாவை மாற்றிக் கொடுத்தான். உள்ளே ஒரு ஜோடி குட்டி டிரான்ஸ்ஃபார்மர், அவ்வளவுதான். ஊசி அனுப்புகிற துளி சிக்னலையே அவை பெரிதாக்கிவிடுமாம். பிளக்கே கிடையாது. எஸ்டேட்டுக்குக் கொண்டுவந்ததும் கிராணியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கரண்டு எந்த வழியா போவும்?" என்று கேட்டார். "போகாதுங்க ஐயா, அதுதான் விசேஷம்" என்றேன். எனக்கே பாதி நம்பிக்கைதான்.

மாட்டியதும் மழைச் செய்தி ஒழிந்தது. மிச்சமிருந்த ரீங்காரத்துக்காக டப்பாவைத் தகர பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, ஆம்ப்ளிஃபயரை விட்டுத் தள்ளி வைத்தேன். டின்னுக்கு எர்த் கொடுக்க ஜன்னல் வழியாக ஒரு ஒயரை இழுத்து, வாசலில் செம்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்து அதோடு கட்டினேன். சட்டென்று எல்லாம் அடங்கியது. பாட்டு மட்டும் வந்தது. கிராணியார் எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தார். நானும் குதித்தேன், ஏன் குதிக்கக் கூடாது? "தம்பி, பாட்டுக்காரரு மூச்சு விடுறது கேக்குதுப்பா!"

வாசலில் முளை

அடுத்த வாரமே சாப்பாட்டுக் கடைக்கு போன் வந்தது. ரீங்காரம் திரும்பிவிட்டதாம். எடுத்தது வாப்பா. பெட்டியைக் கட்டிக் கொண்டுவர ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார். நோன்புக்கு இன்னும் மூன்றே நாள். ஜெராம் வரைக்கும் அந்தக் கயிறு என் முதுகில் உரசிக்கொண்டே வந்தது.

டின்னைப் பார்த்தேன், சரி. ஒயரைப் பார்த்தேன், சரி. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், கம்பியைக் காணோம்! ஓடிப்போய்த் தேடினால், பக்கத்து லயத்து வீட்டு வாசலில் ஒரு வெள்ளாடு கிராணியார் வீட்டிலிருந்து பிடுங்கிவந்த வெண்டைச் செடியை மென்றுகொண்டு நிற்கிறது. கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் என் செம்புக் கம்பி. ஆட்டுக்காரி மாரியாயி ஓடிவந்தாள். "ஆடு கட்ட ஐயா நல்ல முளையா அடிச்சு வச்சிருக்காருன்னு நெனச்சேன் சாமி!"

அந்த மூணு விநாடி

கம்பியை இந்த முறை வீட்டுக்குப் பின்னால், ஆடு எட்டாத இடத்தில் ஆழமாக அடித்தேன். ஆம்ப்ளிஃபயரைப் போட்டு வால்யூமை ஏற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. வாப்பா கயிற்றை உதறி, "இப்ப உள்ளதும் போச்சா?" என்றார். கிராணியார் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஊசியை இறக்கினார்.

மூணு விநாடி கழித்துப் பாட்டு எழுந்தது. வாப்பா திடுக்கிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், தட்டு முடியும்வரை எழவில்லை. கயிறு மடியில் கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். திரும்பும் வழியில் வாப்பா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னார். "மேசைய வெளிய போட்டுக்கிறேன். நீ ஒரு ஸ்பீக்கரை மட்டும் நம்ம கடைப்பக்கம் திருப்பி வை!"

ஆக, சத்தம் விற்கக் கடை போட்ட நான் முதன்முதலில் உருப்படியாக விற்ற சரக்கு பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த மூணு விநாடி அமைதிதான். அதற்கும் ஒரு ஆடு சம்மதிக்க வேண்டியிருந்தது.