தங்கை வீட்டுக்குச் சன்னல் அளந்தது

என் தங்கை மாடி வீடு வாங்கியபோது அம்மா சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர் என் சின்ன மகளுக்கு மாடி வீடு குடுத்தாரு" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. நான் செனாவாங்கில் வீடு வாங்கிய அன்று அம்மா சொன்னது, "நல்லது. பாத்ரூம் வழுக்குது, பாத்துக்க." அவ்வளவுதான். என் வீட்டில் கர்த்தருக்குப் பங்கு எதுவும் இருந்ததாக அவள் நினைக்கவில்லை போலிருக்கிறது.

பொறாமை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அதில் சுண்ணாம்புப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். அப்பா போன பிறகு லிங்கி எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா என்னோடுதான் வந்து இருந்தாள். அவளுக்கு மாத்திரை வாங்குவது, முட்டிக்குத் தைலம் தேய்ப்பது, சர்ச்சுக்குக் கூட்டிப்போவது எல்லாம் நான். தங்கை மாதத்துக்கு ஒருமுறை கேக்கோடு வருவாள். அம்மா அந்தக் கேக்கைப் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்து, "சின்னவ வாங்கியாந்தா" என்பாள். பின்னே, தினமும் சோறு போடுகிறவளைப் பற்றி ஊரில் சொல்ல என்ன இருக்கிறது.

ஆனாலும் அம்மா என் வீட்டில் இருந்தாள். அது ஒன்றை வைத்துத்தான் நான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ரெண்டு நாள் முகம் காட்டினால் அதிகம். மகன் ஜொகூரில் படிக்கிறான். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து நான் கேட்டைத் திறக்கும்போது உள்ளே டிவி சத்தமும் ரசம் வாசனையும் இருக்கும். "வந்துட்டியா" என்று ஒரு குரல் கேட்கும். மாடி வீடு அவளுக்கு, அம்மா எனக்கு என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

தங்கையும் அவள் புருஷனும் புது வீட்டுக்குக் குடிபோனபோது சன்னல்களுக்கு எதுவும் போடவில்லை. பழைய பேப்பரை ஒட்டி வைத்திருந்தார்கள். சிரம்பானுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்பு அது. பின்வரிசை வீடுகள் அவ்வளவு நெருக்கம், எதிர் வீட்டில் சம்பல் கிளறினால் இங்கே தும்மல் வரும். தங்கைக்குச் சன்னலில் தொங்கும் துணி லாங்சிர் பிடிக்காது. தூசி அடையுமாம். சங்கிலியை இழுத்தால் சுருண்டு ஏறும் பிளைண்ட்ஸ்தான் வேண்டும் என்றாள். போனிலேயே ஆர்டர் கொடுக்கும் கடை அது. அளவை நாமே எடுத்து அனுப்பவேண்டும், அவர்கள் வெட்டிக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம், நாற்காலியில் ஏறக்கூடாது. அவள் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு யார் இருக்கிறார்கள்?

"நீதான்கா கரெக்டா அளப்ப" என்றாள்.

அப்படிச் சொன்னால் நான் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். சாவியையும் மாதிரித் துண்டுகள் கோத்த புத்தகத்தையும் என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். போகிற வழியில் போனில் குரல் பதிவு அனுப்பினாள். "சட்டத்துக்கு உள்ளாற உக்கார்ற மாதிரி அளக்கணுமாம்கா. மேல, நடுவுல, கீழ, மூணு எடத்துல அளந்துட்டு எது கம்மியோ அத அனுப்பு."

அம்மாவும் என்னோடு வந்தாள். டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, நான் நாற்காலியில் ஏறி இறங்கி அளந்தேன். கூடத்துச் சன்னல், படிக்கட்டுச் சன்னல், மேல் அறைகள். ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் அளந்து குறைந்ததைப் பிடித்தேன். பிடித்துவிட்டு அதோடு ரெண்டு அங்குலம் சேர்த்துக்கொண்டேன்.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பசார் மாலாம் இரவுச் சந்தையில் துணி எடுத்து, தைத்து, ஸ்பிரிங் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவோம். முதல் துவையலில் அது சுருங்கி, பள்ளிக்கூடப் பையனின் காற்சட்டை மாதிரி மேலே ஏறி நிற்கும். அதனால் எதை அளந்தாலும் ரெண்டு அங்குலம் கூட. கூடினால் மடித்துக்கொள்ளலாம், குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது? சீருடைக்கும் அப்படித்தான், மேசை விரிப்புக்கும் அப்படித்தான். இழுத்துப் பிடித்து அளப்பவளை எங்கள் லயத்தில் கஞ்சப் பிசினாறி என்பார்கள். தங்கை மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், அவள் வீட்டுச் சன்னலுக்குக் குறைத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

கடைசியாகக் கீழ்த்தளத்துப் பின்னறை. அதைச் சாமான் அறை என்று நினைத்திருந்தேன்.

அதுவரைக்கும் "ஒனக்குத் தெரியும்லா, நீயே பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அந்த அறைக்குள் வந்ததும் டேப்பைக் கீழே வைத்தாள். மாதிரிப் புத்தகத்தை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினாள். வெள்ளை வேண்டாம், அழுக்காகும் என்றாள். பழுப்பு வேண்டாம் என்றாள். வெளிர்பச்சைத் துண்டு ஒன்றைத் தடவிப் பார்த்து, "இது நல்லா இருக்குலா" என்றாள். என் வீட்டில் அவள் அறைக்கு நான் ஊதாப் பூப்போட்ட லாங்சிர் தைத்துப் போட்டபோது ஏறிட்டுக்கூடப் பார்க்காத அம்மா இவள்.

பிறகு சுவரோரமாய்ப் போய் நின்றாள். "சங்கிலிய வலது பக்கம் வைக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"கட்டில இங்கதான் போடறாங்க. எடது கைய எனக்குத் தூக்க முடியல. படுத்துக்கிட்டே எட்டணும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இன்னொரு தரம் கேட்டேன். "யாரு படுத்துக்கிட்டு?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. சன்னல் கம்பியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினாள். "ஒங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அவளுக்குப் பிள்ள பொறந்தா யாரு பாத்துக்குவா? ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க."

"பிள்ளை பொறந்து பெரிசானதும் வந்துடுவியா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு. நீ எதையும் சமாளிச்சிடுவ. அவளுக்குத்தான் ஆளு வேணும்."

சமாளிக்கத் தெரிந்தது என் குற்றமாகிவிட்டது. தெரியாமல் உட்கார்ந்து அழுதிருந்தால் அம்மா என் பக்கம் இருந்திருப்பாள். "எப்பப் போற?" என்று கேட்டேன்.

"இப்ப எப்படி? சன்னல் தொறந்து கெடக்கு, எதிர்ல ஆம்பளைங்க நடமாடறாங்க. நான் எப்படி வந்து படுக்கறது? மறைச்சப்புறம் பாக்கலாம்."

நான் நாற்காலியில் ஏறினேன். அம்மாவைப் பிடிக்கச் சொல்லவில்லை. டேப்பின் முனையை ஒரு கையால் சட்டத்தில் அழுத்திக்கொண்டு நானே அளந்தேன். மேலே, நடுவில், கீழே. குறைந்தது எதுவோ அதை அப்படியே போனில் குறித்தேன். ஒரு நூல்கூட விடவில்லை. கொடுத்ததெல்லாம் போதும் என்றிருந்தது. என் வீட்டு அம்மாவையும் எடுத்துக்கொண்டு, அந்த அறைக்கு என்னிடமிருந்து இன்னும் ரெண்டு அங்குலம் வேறயா? வலது பக்கம் சங்கிலி, வெளிர்பச்சை என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

பிளைண்ட்ஸ் வருகிற வரைக்கும் நான் செய்யாத வேலை இல்லை. ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பிடித்த இக்கான் பிலிஸ் நெத்திலிச் சம்பல், முருங்கைக்கீரைச் சொதி என்று மாற்றி மாற்றி வைத்தேன். அவள் அறைக்குப் புது ஃபேன் மாட்டினேன். அவள் சாப்பிட்டாள், ஃபேன் காற்று நல்லா வருது என்றாள், அப்புறம் போனை எடுத்துச் சின்னவளிடம், "இன்னும் அவன் கொண்டாரலயா?" என்று கேட்டாள். நானும் ஜெபம் பண்ணினேன். கடைக்காரன் கெட்டுப்போகவேண்டும் என்றெல்லாம் இல்லை, கொஞ்சம் தாமதமாகட்டும் என்றுதான். இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் அம்மாவின் மனதைத் திருப்பிவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

மாட்டுகிற அன்று மூன்று பேரும் அங்கே இருந்தோம். வந்தவர் நடுத்தர வயது மலாய்க்காரர். கூடத்துச் சன்னலுக்குள் முதல் பிளைண்டை வைத்தார். நுழையவில்லை. சாய்த்து வைத்துப் பார்த்தார், அப்போதும் இல்லை. "தாக் மூவாட், கா. பெசார் சங்காட்" என்றார். ரொம்பப் பெரிது, உள்ளே போகாது.

தங்கை என்னைப் பார்த்தாள். "என்னக்கா அளந்த?"

"சுருங்குமேன்னு ரெண்டு இன்ச்சு கூட விட்டேன்."

"பிளைண்ட்ஸ் எங்கக்கா சுருங்கும்?"

தங்கை அதை மலாயில் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது, ஆனால் அது கொஞ்ச நேரம்தான். படிக்கட்டுச் சன்னலுக்கும் போகவில்லை. மேல் அறைகளுக்கும் போகவில்லை. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போய்த்தான் வெட்டவேண்டும், ஒரு மாதம் பிடிக்கும் என்று அவர் சொன்னபோது, நான் உதட்டைக் கடித்து வருத்தமாய் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு ஒரே கொண்டாட்டம். கேட்டது ஒரு மாதம், கிடைத்ததும் ஒரு மாதம். நானே அம்மாவின் கையைப் பிடித்து, "பரவால்லமா, மெதுவா வரட்டும், அவசரமா என்ன" என்றேன். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு மைலோ கலக்கிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றியது, அவ்வளவு நல்ல மனதோடு இருந்தேன்.

அவர் கடைசிப் பொட்டலத்தோடு பின்னறைக்குப் போனார். அந்த ஒரு சன்னலுக்கு மட்டும் கூட விடாமல் அளந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ட்ரில் சத்தம் கேட்டது. அப்புறம் சங்கிலி கடகடவென்று ஓடுகிற சத்தம்.

நாங்கள் போய் நின்றபோது வெளிர்பச்சைத் திரை சட்டத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. எதிர் வீடு தெரியவில்லை. அறை முழுக்கப் பச்சையாய் மெல்லிய வெளிச்சம். "இனி சந்தேக்" என்றார் அவர், அழகாக இருக்கிறது என்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் மாதிரி நான் வாசல்படியில் நின்றேன்.

"எல்லாத்தையும் கோட்ட விட்டுட்டு இத மட்டும் எப்படிக்கா இவ்வளவு கரெக்டா எடுத்த?" என்று தங்கை என் தோளில் சாய்ந்தாள். "அம்மா ரூம்னு பாத்துப் பாத்து அளந்திருக்க."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்ததா, தெரியவில்லையா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கட்டிலில் போய் உட்கார்ந்து, வலது கையால் சங்கிலியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இனி எதுக்கு அலைச்சல்? இன்னிக்கே இருந்துடுங்களேன். துணிய அக்கா அப்புறம் கொண்டாந்து குடுக்கும்" என்றாள் தங்கை.

அம்மா யோசிக்கவேயில்லை. "சரி" என்றாள்.

அவள் துணியை நான் எடுத்துவருவேனா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டும் என்று தங்கைக்கு நான் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ரெண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன், அந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அதற்குமேல் அங்கே உட்கார எனக்கு முடியவில்லை.

கார்ச் சாவியை எடுத்ததும் அம்மாவும் எழுந்து வந்தாள். ஒரு நொடி, என்னோடுதான் வருகிறாள் என்று நினைத்துவிட்டேன். அவள் கேட்டுக்கு உள்பக்கம் நின்றுவிட்டாள்.

"பாத்து ஓட்டு. போய்ச் சேந்ததும் போன் போடு" என்றாள். "ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் வந்து சாப்பிட்டுட்டுப் போ, என்னா."

இத்தனை வருடமும் இதே வார்த்தைகளை என் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் தங்கையிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"சரிமா, வர்றேன்" என்றேன். விருந்துக்கு வந்தவள் அப்படித்தானே சொல்லவேண்டும்.