காலியாகக் கிடந்த துணிக்கயிறு

கல்லூரி முதலாண்டு விடுமுறையில் நானும் பக்கத்து பிளாக் நண்பனும் ரிமோட்டில் பறக்கும் விமானம் ஒன்று கட்டினோம். முழுக்க பால்சா மரம். நகம் பட்டாலே பள்ளம் விழும் என்பதால், மேலே மெல்லிய கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி, இறுகிக் கெட்டியாகும் ரெசின் பசையை ஊற்றி, பழைய ஏடிஎம் கார்டால் வழித்தெடுத்தோம். வழிப்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிஞ்சி நிற்கும் ரெசின் அத்தனையும் எடை. எங்கள் மோட்டார் எண்ணூறு கிராம் வரைதான் தூக்கும். உப்புத்தாளால் தேய்த்து முடித்து அம்மாவின் சமையலறைத் தராசில் வைத்தால் எழுநூற்று நாற்பது. மஞ்சள் பெயின்ட் ஒரு கோட் அடிக்கலாம், இரண்டாவதுக்கு இடமில்லை.

ஞாயிறு காலை பறக்கவிடுகிறோம் என்று பிளாக் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் பெயின்ட் வாடை கிளப்பியிருந்தால் விமானத்துக்கு முன்னால் நான் பறந்திருப்பேன். மாடிக்குப் போனோம். எப்போதும் புடவையும் யூனிஃபார்முமாக நிறைந்திருக்கும் துணிக்கயிறு அன்று காலி. நல்லதாகப் போயிற்று என்று அதிலேயே கட்டித் தொங்கவிட்டு ஸ்ப்ரே அடித்தோம். அப்படியொரு வழவழப்பு! காயட்டும் என்று சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தபோது மஞ்சள் முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு. ஊதினேன், போகவில்லை. தொட்டேன், கைரேகையும் சேர்ந்து பதிந்தது.

அம்மா வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "காத்து மைன்ஸ் பக்கத்துலேர்ந்து அடிக்குது, கரித்தூள் வுழும்னுதான்டா எல்லாத் துணியையும் எடுத்துகினு வந்தேன். காலியா கெடக்குதேன்னு நீ போய் மாட்டினியா? இன்ஜினியரிங் படிக்கிற புள்ள."

பிறந்ததிலிருந்து இதே நிலக்கரிச் சுரங்க ஊர்தான் எனக்கு. காற்று பார்த்துக் கொடியிலிருந்து துணி எடுப்பது மட்டும் அம்மாவின் டிபார்ட்மென்ட் என்று இருந்துவிட்டேன்.

இன்னொரு கோட் அடித்து மறைத்துவிடலாம் என்றேன். நண்பன் விமானத்தைத் தூக்கித் தராசில் வைத்தான். எழுநூற்றுத் தொண்ணூறு. தேய்த்தெடுக்கலாம் என்றால் அடியில் இருக்கும் கண்ணாடியிழைத் துணியும் பிய்ந்துவிடும்.

"பளபளன்னு தரையில நிக்கணுமா, பறக்கணுமா? நீயே சொல்லு மச்சான்" என்றான்.

அழுக்கு விமானத்தோடு ஊர் முன்னால் போய் நிற்பதா என்று சாயங்காலம்வரை முரண்டு பிடித்தேன். கடைசியில், பறக்கட்டும் என்றேன், அரைமனதாக.

மறுநாள் மைதானத்தில் நான் எறிய, அவன் ரிமோட்டைப் பிடித்திருந்தான். கையை விட்டதும் மூக்கு தாழ்ந்தது. போச்சு என்று கண்ணை மூடப் போன நேரத்தில் நிமிர்ந்து, வேப்பமரங்களுக்கு மேலே ஏறிவிட்டது. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள். அந்த உயரத்தில் ஒரு பொடிகூடத் தெரியவில்லை, வெறும் மஞ்சள். இறக்கிய பிறகு ஒருவரையும் பக்கத்தில் விடவில்லை நாங்கள்.