மணி அடித்த பின்னும்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில், மகளின் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தெருக் கடக்கவிடும் வேலையில் ஒரு அயர்லாந்துக் கிழவர் இருந்தார். சிவந்த முகம், காதை மூடிய கம்பளித் தொப்பி. மணி அடித்துப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளே போன பின்னும், பனிக்குள் ஸ்டொப் பலகையோடு தெருவைப் பார்த்தபடி நிற்பார். விசரோ என்றுகூட நினைத்தேன்.

"எல்லாரும் போட்டினம். இன்னும் ஆரைப் பாக்கிறியள்?" என்று ஒருநாள் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அவருடைய ஊர்ப் பள்ளிக்கூடம் ஒரே அறைதானாம். மலையடியிலிருந்து இவரும் தம்பி தங்கைகளும் நடந்து வந்து சேரும்வரை ரீச்சர் வாசல் படலையில் நிற்பாராம். அதற்குப் பிறகுதான் இடாப்பில் பெயர் கூப்பிடுவாராம்.

"கனடாவுக்கு வெளிக்கிட்டதை அவவுக்குச் சொல்லேல்லை. நாங்கள் போனால் பிள்ளையள் காணாதெண்டு பள்ளிக்கூடத்தை மூடிப்போடுவாங்கள். அதை அவவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல அப்பாவால முடியேல்லை," என்றார். "அண்டைக்கும் அவ படலையில நிண்டிருப்பா."

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்களும் ஒருவருக்கும் சொல்லாமல்தான் வெளிக்கிட்டோம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அடுத்த நாள் காலை அவளுடைய ரீச்சர் இடாப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்.

எத்தனை நாள் கூப்பிட்டாரோ.