அரிசி இல்லாத உலை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில், நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எங்கள் அடுப்பைப் பற்றித் தெருவே பேசியபோது, நான் எழுத்தறியாத சின்னப் பெண்.

தெருக்குழாய் வறண்டு, எல்லாரும் ஒரே கிணற்றில் இறைத்தோம். அந்த நீரைக் கொதிக்க வைக்காமல் அம்மா எங்களைக் குடிக்க விடமாட்டாள். எங்கள் பக்கத்தில் வெந்நீர் என்றால் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும்தான். அதனால், மரவள்ளிக்கிழங்கே கிடைக்காத நாளிலும் எங்கள் கூரையில் புகை எழுவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

“அரிசிய எங்கடி பதுக்கி வச்சிருக்க? எங்களுக்கும் ஒரு பிடி கண்ல காட்டேன்.”

“தண்ணிதான்க்கா கொதிக்குது.”

“வெறுந்தண்ணிக்கு யாராச்சும் விறகு எரிப்பாங்களா? நல்லா கத விடுற!”

பேச்சு தெருவெங்கும் பரவியது. அரிசி பதுக்கியவர்களை லாரியில் ஏற்றிப் போவார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. ஒருநாள் காலையில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும், அவன் பேச்சைத் தமிழில் சொல்ல ஓர் ஆளும் வந்து நின்றார்கள். அப்பா கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. சிப்பாய் பானை மூடியைத் தள்ளி, அகப்பையால் அடிவரை துழாவினான். ஒரு பருக்கைகூட இல்லை. ஆறவைத்திருந்த நீரைத் தன் குடுவையில் நிரப்பிக்கொண்டு போய்விட்டான். உயிர் தப்பியது எனக்கு உறைக்கவில்லை. எங்களிடம் அரிசி இல்லை என்று ஊருக்குத் தெரிந்துபோனதுதான் அவமானமாக இருந்தது.

சில நாள் கழித்துப் பெரியம்மா காலிச் சொம்போடு வந்தார். அவருடைய சின்ன மகனுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு.

“அந்தத் தண்ணி கொஞ்சம் குடு தங்கச்சி,” என்றார் தரையைப் பார்த்தபடி.

“இவங்களாலதானே அந்தச் சிப்பாய் வந்தான்! குடுக்காதம்மா,” என்றேன் நான்.

“வாய மூடு,” என்ற அம்மா, பானையையே தூக்கிக்கொண்டு போனாள்.

கண் குழிவிழுந்து கிடந்தவனை மடியில் போட்டு, கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். ஏதோ ஒரு பெயர் சொல்லி, “குடிடா, என் ராசா, இன்னொரு வாய்,” என்று கெஞ்சினாள். சாயங்காலம் அவன் அழுதபோது, அதுவரை வறண்டிருந்த கண்ணில் நீர் வந்தது. பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா சொன்னது அவன் பெயரே இல்லை. பெரியம்மாவும் திருத்தவில்லை. இந்த அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் பெயர்கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் பிறப்பதற்கு முன் அந்தப் பெயரில் எனக்கு ஓர் அண்ணன் இருந்ததையும், அவனுக்கும் இப்படித்தான் வயிறு போனது என்பதையும் அன்றுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.